போர்டு சாகல சார், படிச்சது மறந்துபோச்சு!

இந்த மாதம் ஒரு சாவைப் பற்றி எழுதப்போறேன். பயப்படாதீங்க, செத்ததாகச் சொல்லப்படுவது ஒரு கம்ப்யூட்டர் மதர்போர்டு. அதுவும் உண்மையில் சாகவே இல்லை என்பதுதான் என் வாதம்.

'போர்டு போச்சு.' சர்வீஸ் கடைகளில் அடிக்கடி காதில் விழும் தீர்ப்பு இது. ரெண்டே வார்த்தைதான், மேல் அப்பீல் கிடையாது. கேட்டவுடனே நம்ம வீட்டுப் பெரியவங்க "புதுசு எவ்வளவு ஆகும்?" என்று அடுத்த கேள்விக்குப் போயிடறாங்க. என்ன போச்சு, எப்படிப் போச்சு, திரும்ப வருமா என்று யாரும் கேட்பதில்லை. கைக்கடிகாரம் நின்னுபோனா பேட்டரியா, மிஷினா என்று நாலு கேள்வி கேட்கிற அதே பெரியவங்கதான்! இடி விழுந்து கருகின போர்டு உண்டு. கெப்பாசிட்டர் வீங்கி வெடிச்ச போர்டு உண்டு. எலி மூத்திரம் பட்டுப் பச்சை பூத்த போர்டும் உண்டு (சிரிக்காதீங்க, கண்ணால பார்த்திருக்கேன்). அதையெல்லாம் போச்சுன்னு சொன்னா ஒத்துக்கலாம். ஆனா பயாஸ் அப்டேட் ஓடும்போது பாதியில் நின்னுபோன போர்டை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதில் ஒரு பாகம்கூடக் கெடலை. உள்ளே எழுதியிருந்த எழுத்து அழிஞ்சிருக்கு, அவ்வளவுதான். எழுத்து அழிஞ்சா திரும்ப எழுதலாமே!

இதை இப்போ ஏன் எழுதணும்? காரணம் நம்ம கம்ப்யூட்டர் லேபிலேயே இருக்கு. கடைசி ஜன்னல் பக்கம் உள்ள இரும்பு ஷெல்ஃபில் நாலு சிபியு பெட்டிகள் தூசி படிஞ்சு உட்கார்ந்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீங்க. ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெள்ளைச் சீட்டு. அதில் ரெண்டில் 'போர்டு பழுது' என்று எழுதியிருக்கு. அந்த ரெண்டில் ஒன்றில் மட்டும் யாரோ பொறுப்பாக 'பயாஸ் அப்டேட்டின்போது மின்தடை' என்று தேதியோடு எழுதி ஒட்டியிருக்காங்க. அவங்க யாராக இருந்தாலும் ஒரு பெரிய கும்பிடு. நோய் எப்படி வந்ததுன்னு எழுதி வைக்கிறதே பாதி வைத்தியம். இப்போ இந்த நாலு பெட்டியும் இருப்புப் பதிவேட்டில் 'உபயோகமற்றவை' பட்டியலுக்குப் போகப்போகுதாம். வருஷக் கடைசியில் உடைந்த பெஞ்சு, துருப்பிடிச்ச பீரோவோடு சேர்த்து ஏலமாம். நம்ம லேபில் ஒரு மெஷினுக்கு மூணு பேர் உட்காருகிறோம். 'மவுஸ் எனக்கு, கீபோர்டு உனக்கு' என்று சண்டை போடாதவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க பார்க்கலாம்!

ஆறாம் வகுப்புத் தம்பிகளுக்கும் புரியணும் என்பதால் பயாஸ் என்றால் என்ன என்று முதலில் சொல்லிடறேன். நம்ம பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் எல்லோருக்கும் முன்னாடி வர்றவர் வாட்ச்மேன் அண்ணன். கேட்டைத் திறந்து, மோட்டார் போட்டு, ஆபீஸ் ரூம் கதவைத் திறந்த பிறகுதான் மத்தவங்க உள்ளே வரமுடியும். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று அவர் ஒரு சின்ன நோட்டில் எழுதி வெச்சிருக்கிறார் என்று வெச்சுக்குவோம். அந்த நோட்டு மழையில் நனைஞ்சு எழுத்து கரைஞ்சுபோனா என்ன ஆகும்? பள்ளிக்கூடம் அப்படியே இருக்கும். வகுப்பறை, பெஞ்சு, கரும்பலகை, கேட்டுக்கு வெளியே நிக்கிற டீச்சர்கள் எல்லாமே இருக்கும். ஆனா யாரும் உள்ளே போக முடியாது. அதுக்காகப் பள்ளிக்கூடம் இடிஞ்சுபோச்சுன்னு சொல்லுவோமா?

பயாஸ் அந்த நோட்டு மாதிரிதான். மதர்போர்டில் எட்டுக் காலோடு, பாதிச் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு கறுப்புச் சிப் இருக்கும். (படம் பக்கத்தில் வரைஞ்சிருக்கேன். அளவு கொஞ்சம் பெருசாப் போச்சு.) பழைய போர்டுகளில் இது 32 காலோடு சதுரமாக, ஒரு சாக்கெட்டில் செருகியிருக்கும். இன்னிக்கு வர்ற எட்டுக்கால் சிப்பில் பொதுவாக 8 எம்.பி., 16 எம்.பி., 32 எம்.பி. கொள்ளும். நாலஞ்சு பாட்டு அளவுதான்! ஸ்விட்சைப் போட்டதும் இன்டெல் வழி வந்த பிராசஸர் எதையும் யோசிக்காமல் ஒரே ஒரு முகவரிக்குப் போய் முதல் கட்டளையைத் தேடும். 4 ஜி.பி. எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே உள்ள இடம் அது. அந்த முகவரி இந்தச் சிப்புக்குள்தான் போய் முடியும். அங்கே சரியான கட்டளை இருந்தா மெமரியை எழுப்பும், திரையை எழுப்பும், கடைசியில் விண்டோஸையோ லினக்ஸையோ கூப்பிடும். அங்கே ஒன்றுமே இல்லாவிட்டால்? ஃபேன் மட்டும் சுத்தும். திரை கறுப்பாகவே நிக்கும். ஒரு பீப் சத்தம்கூட வராது. பார்க்கிறவங்களுக்குச் செத்த போர்டுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது. தீர்ப்பு தப்பாகிறது இங்கேதான்.

சரி, அப்டேட் பாதியில் நின்னா ஏன் இவ்வளவு பெரிய கேடு? நோட்டில் புதுப் பக்கம் சேர்க்கிற மாதிரி இதில் எழுத முடியாது. சிலேட்டு மாதிரி, முதலில் அழிக்கணும், அப்புறம்தான் எழுதணும். அதுவும் எழுத்து எழுத்தாக அழிக்க முடியாது. குறைந்தது 4 கே.பி. அளவுள்ள ஒரு கட்டம் கட்டமாகத்தான் அழியும். அழிஞ்ச இடத்தில் எல்லா பிட்டும் 1 ஆகிடும். அழிச்சு முடிச்சு, எழுத ஆரம்பிச்சு, நடுவில் கரண்ட் போச்சுன்னா பழசும் இல்லை, புதுசும் இல்லை. பாதி சிலேட்டில் எழுத்து, மீதி வெறுமை. முழுசும் முடிய ஒன்றிரண்டு நிமிஷத்தில் இருந்து சில நிமிஷம்தான் ஆகும். அந்தச் சில நிமிஷத்தில் நம்ம ஊர் கரண்டை நம்பறது உங்க இஷ்டம்!

இங்கே ஒரு கோபத்தையும் கொட்டிடறேன். அப்டேட் ஓடும்போது திரையில் 'அணைக்காதீர்கள்' என்று ஒரு வரி வரும் இல்லையா, அதை நான் பார்த்த அத்தனை மெஷினிலும் ஆங்கிலத்தில்தான் பார்த்திருக்கேன். இப்போதெல்லாம் பயாஸ் அப்டேட் நாம கேட்காமலே விண்டோஸ் அப்டேட்டோடு சேர்ந்து வந்து இறங்குது. ரீஸ்டார்ட் ஆகுது, திரை கறுக்குது, ரெண்டு நிமிஷம் ஒன்றும் நடக்கலை. ஜெராக்ஸ் கடை அக்காவோ, ரேஷன் கார்டுக்கு மனு டைப் பண்ற தாத்தாவோ 'ஹேங் ஆயிடுச்சு'ன்னு பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கத்தான் செய்வாங்க. அதை அவங்க தப்புன்னு நான் சொல்லமாட்டேன். நடுவில் அணைச்சா ஆபத்து என்று தெரிஞ்சே செய்த ஏற்பாட்டில், அணையாமல் பார்த்துக்கிற பொறுப்பை மட்டும் நம்ம தலையில் கட்டினவங்க தப்பு அது.

அதுக்காக 'பயாஸை அப்டேட்டே பண்ணாதே' என்று சொல்பவர்கள் கட்சியிலும் நான் இல்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான் அது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற ஓட்டைகள் பிராசஸருக்குள்ளேயே இருப்பது வெளியே தெரிஞ்சபோது, திருத்தத்தில் ஒரு பகுதி பயாஸ் வழியாகத்தான் வந்தது. 2024-ல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றுக்கு வோல்டேஜ் அதிகமாகப் போய் நாளடைவில் கெட்டுப்போற கோளாறு வந்ததே, அதுக்கான மருந்தையும் போர்டு கம்பெனிகள் பயாஸ் அப்டேட்டாகத்தான் கொடுத்தாங்க. புது பிராசஸரைப் பழைய போர்டில் மாட்டணும்னாலும் இதே வழிதான். காரணம் இருந்தால் பண்ணணும். யு.பி.எஸ். போட்டுப் பண்ணணும். 'புது வெர்ஷன் வந்திருக்கு, போட்டுப் பார்ப்போம்' என்று ஆசைக்குப் பண்றதுதான் வேண்டாத வேலை.

பயாஸ் அழிஞ்சா போர்டு செத்துப்போகும் என்றால் 1999 ஏப்ரல் 26-ஆம் தேதி உலகத்தில் ஏகப்பட்ட கம்ப்யூட்டர்கள் நிரந்தரமாகச் செத்திருக்கணும். அன்றைக்குத்தான் சி.ஐ.எச். என்ற வைரஸ் வெடிச்சது. தைவானில் கல்லூரியில் படிச்சுக்கிட்டிருந்த சென் இங்-ஹாவ் என்பவர் 1998-ல் எழுதினது. அவர் பேரின் முதல் எழுத்துகள்தான் வைரஸுக்கும் பேர். செர்னோபில் அணு உலை விபத்து நடந்த அதே ஏப்ரல் 26 என்பதால் செர்னோபில் வைரஸ் என்றும் சொன்னாங்க. விண்டோஸ் 95, 98 ஓடின மெஷின்களில் ஹார்ட் டிஸ்கின் தொடக்கத்தை அழிச்சதோடு, சில வகை போர்டுகளில் பயாஸ் சிப்புக்குள்ளும் குப்பையை எழுதி வெச்சுது. அந்தப் போர்டுகளுக்கு என்ன வைத்தியம் பண்ணினாங்க? சாக்கெட்டில் இருந்த சிப்பைக் கழற்றி, வேற சிப்பை மாட்டினாங்க, இல்லைன்னா அதே சிப்பிலேயே திரும்ப எழுதினாங்க. போர்டு எழுந்து உட்கார்ந்துடுச்சு. வேணும்னே அழிக்க வந்த வைரஸாலேயே கொல்ல முடியாத போர்டை, நம்ம ஊர்க் கடையில் ரெண்டு வார்த்தையில் கொன்னுடறாங்க!

பயாஸ் எழுதினவங்களும் இந்த ஆபத்து தெரியாதவங்க இல்லை. அந்தக் காலத்திலேயே சிப்பின் ஒரு மூலையில் 'பூட் பிளாக்' என்று ஒரு சின்னப் பகுதியை ஒதுக்கி, அப்டேட் சமயத்தில் அதைத் தொடாமல் விட்டாங்க. மற்றதெல்லாம் அழிஞ்சாலும் அந்தப் பகுதிக்கு ஒரே ஒரு வேலை தெரியும்: ஃபிளாப்பியைத் தேடி, அதிலிருந்து பயாஸை மீட்கிறது. அவார்டு பயாஸாக இருந்தால், டாஸ் ஃபிளாப்பியில் எழுதும் புரோகிராமையும் பயாஸ் கோப்பையும் போட்டு, தானாக ஓடும்படி ஆட்டோஎக்ஸெக் கோப்பில் எழுதி வெச்சாப் போதும். திரையில் ஒன்றுமே தெரியாது. ஃபிளாப்பி டிரைவின் விளக்கும் 'கர் கர்' சத்தமும்தான் சாட்சி. அமி பயாஸில் 'அமிபூட்' என்று பேர் வெச்ச கோப்பை ஃபிளாப்பியில் போட்டு, கண்ட்ரோலையும் ஹோமையும் சேர்த்து அழுத்தணும். இன்டெல் தயாரிச்ச டெஸ்க்டாப் போர்டுகளில் இன்னும் சுலபம். மூணு ஊசி உள்ள ஒரு ஜம்பர் இருக்கும். அதைக் கழற்றிட்டு, மாடலுக்குத் தகுந்தபடி ஃபிளாப்பியிலோ சி.டி.யிலோ பென்டிரைவிலோ மீட்புக் கோப்பை வெச்சு ஸ்விட்ச் போட்டால், போர்டு தன்னைத்தானே மீட்டுக்கும். இன்டெல் அந்த போர்டு வியாபாரத்தை நிறுத்தப்போவதாக 2013-ல் அறிவிச்சது. ஆனா அந்த போர்டுகள் பள்ளிக்கூடங்களிலும் ஆபீஸ்களிலும் இன்னும் உட்கார்ந்திருக்கு. அந்த மூணு ஊசி ஜம்பர் எதுக்குன்னு தெரியாமலே எத்தனை போர்டு எடைக்குப் போச்சோ!

கிகாபைட் கம்பெனி 1990-களின் கடைசியிலேயே ஒரே போர்டில் ரெண்டு பயாஸ் சிப் வைக்க ஆரம்பிச்சாங்க. ஒன்று கெட்டால் இன்னொன்று வந்து காப்பாத்தும். அசூஸ் 2011 வாக்கில் இதைவிட அழகான ஒரு வேலை செஞ்சாங்க. போர்டில் பிராசஸர் வேண்டாம், மெமரி வேண்டாம், கரண்ட் மட்டும் இருந்தாப் போதும். குறிப்பிட்ட யு.எஸ்.பி. துளையில் கோப்பு உள்ள பென்டிரைவைச் செருகி ஒரு பட்டனை அழுத்திப் பிடிச்சா, விளக்கு சிமிட்டிச் சிமிட்டி சிப்பை எழுதி முடிச்சிடும். எம்.எஸ்.ஐ., கிகாபைட் போர்டுகளிலும் அப்புறம் இதே மாதிரி வந்துடுச்சு. ஆக, வழி தெரியலைன்னு எந்தக் கம்பெனியும் சொல்ல முடியாது. பிறகு ஏன் எல்லா போர்டிலும் இது இல்லை? விலை குறைஞ்ச போர்டில்தான் பெரும்பாலும் இந்த வசதியைக் கழற்றி விடறாங்க. ரெண்டாவது சிப்பின் விலை போர்டு விலையில் எந்த மூலைக்கு? ஸ்கூட்டர் எந்த விலையில் இருந்தாலும் பிரேக் இருக்கு இல்லையா? யு.பி.எஸ். வாங்க முடியாத வீட்டுக்குத்தான் விலை குறைஞ்ச போர்டு போகுது, கரண்ட் போகிறதும் அங்கேதான். காப்பு தேவைப்படறவங்களுக்குக் காப்பு இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

இதெல்லாம் எதுவும் இல்லாத போர்டு என்றாலும் கடைசியாக ஒரு வழி உண்டு. சிப்பை வெளியிலிருந்தே எழுதுவது. மே லீவில் எங்க சித்தப்பாவின் சர்வீஸ் கடையில் இதைப் பக்கத்தில் நின்னு பார்த்தேன். ஒரு ஜெராக்ஸ் கடை அக்கா தன் சிபியுவைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. வேற ஒரு கடையில் 'போர்டு போச்சு' என்று சொல்லிட்டாங்களாம். அவங்க சொன்ன செலவு பன்னிரண்டாயிரம். போர்டுக்கு ஏன் அவ்வளவு என்றால், பழைய பிராசஸர் புது போர்டில் உட்காராது, பழைய டி.டி.ஆர்.3 மெமரி புது போர்டின் துளையில் நுழையாது. ஒன்று போச்சுன்னு சொன்னா மூணும் வாங்கணும்! அக்காவுக்கு அதைவிடப் பெரிய கவலை, "கல்யாணப் பத்திரிகை டிசைன் பூரா உள்ளே இருக்கே தம்பி" என்பதுதான். ஹார்ட் டிஸ்க் தனி, அதுக்கும் பயாஸுக்கும் சம்பந்தம் இல்லை, டிசைன் எங்கேயும் போகாது என்று சித்தப்பா சொன்ன பிறகுதான் அவங்க முகத்தில் ரத்தமே வந்தது.

சித்தப்பா முதலில் செஞ்சது ஒரு சின்னச் சோதனை. மெமரியைக் கழற்றிட்டு, ஒரு குட்டி ஸ்பீக்கரை மாட்டி ஸ்விட்ச் போட்டார். பயாஸ் உயிரோடு இருந்தால் 'மெமரி எங்கே?' என்று பீப் அடிச்சுக் கத்தும். கத்தலை. பட்டன் செல்லைக் கழற்றி மாட்டினார், அப்பவும் வரலை. இந்த இடத்தில் பலபேர் ஏமாந்துபோறாங்க. சி.ஆர்.2032 என்ற அந்தச் செல் காப்பாத்தி வெச்சிருக்கிறது நேரம், தேதி, நாம மாத்தின செட்டிங் இதையெல்லாம்தான். பயாஸ் எழுத்து இருக்கிற சிப்புக்கும் அதுக்கும் தொடர்பில்லை. செல்லைக் கழற்றினா அழிஞ்ச எழுத்து திரும்ப வராது. ஆனாலும் காசில்லாத வைத்தியம், பண்ணிப் பார்க்கிறதில் தப்பில்லை.

அப்புறம் மேசை டிராயரிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு சாமான் எடுத்தார். சி.எச்.341ஏ புரோகிராமர் என்று பேர். விலை சில நூறு ரூபாய். ஒரு பக்கம் யு.எஸ்.பி., மறுபக்கம் துணி மாட்டற கிளிப் மாதிரி எட்டுப் பல்லுள்ள ஒரு கிளிப். போர்டில் கரண்ட் வயரையும் செல்லையும் எடுத்துட்டு, சிப்பின் மூலையில் இருக்கிற சின்னப் புள்ளியைப் பார்த்து, அதுதான் ஒன்றாம் கால், அதுக்கு நேராக கிளிப்பின் சிவப்பு வயர் வரும்படி மாட்டினார். உடனே எழுதிடலை. முதலில் சிப்பில் இருக்கிறதை அப்படியே படிச்சு ஒரு கோப்பாகச் சேமிச்சார். மறுபடியும் படிச்சார். ரெண்டும் ஒத்துப்போகலை. கிளிப் சரியா உட்காரலை என்று அர்த்தமாம். அழுத்தித் துடைச்சு மாட்டி, தொடர்ந்து ரெண்டு தடவை ஒரே மாதிரி வரும்வரை விடவே இல்லை. கெட்டுப்போன கோப்பை எதுக்கு இவ்வளவு பத்திரமாக எடுக்கறீங்க என்று கேட்டேன். பல போர்டுகளில் நெட்வொர்க் அட்டையின் மேக் முகவரி, சீரியல் நம்பர், விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்த பிராண்டட் மெஷினாக இருந்தால் விண்டோஸ் சாவிகூட அதே சிப்புக்குள்தான் இருக்குமாம். மேலே புதுசை எழுதிட்டா அதெல்லாம் போயிடும். பழைய கோப்பு இருந்தால் அதிலிருந்து எடுத்துப் புதுசில் ஒட்டிடலாம். கெட்டதைத் தூக்கிப் போடாமல் வெச்சுக்கிறதில் இப்படி ஒரு லாபம்!

கம்பெனி தளத்திலிருந்து இறக்கின கோப்பையும் அப்படியே எழுதிடக் கூடாது. 16 எம்.பி. சிப்பு என்றால் கோப்பு 1,67,77,216 பைட் இருக்கணும். சில கம்பெனிக் கோப்பில் முன்னாடி 2048 பைட் உறை மாதிரி ஒட்டியிருக்கும், அதை வெட்டினால்தான் அளவு பொருந்தும். அக்காவின் போர்டில் இருந்தது 8 எம்.பி. சிப்பு. அழித்தல், எழுதுதல், எழுதினதைத் திரும்பப் படிச்சுச் சரிபார்த்தல் எல்லாம் சேர்த்து ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆச்சு. மெமரியை மாட்டி ஸ்விட்ச் போட்டார். கொஞ்ச நேரம் கறுப்பு. அப்புறம் ஒரே ஒரு 'பீப்'! பரீட்சை ரிசல்ட்டில் நம்பர் தேடி எடுத்த மாதிரி அந்த அக்கா சிரிச்சாங்க பாருங்க!

இந்த வேலைக்கு எழுதும் புரோகிராமும் இலவசமாகவே கிடைக்குது. ஃபிளாஷ்ரோம் என்று பேர், லினக்ஸில் ஓடும். பயாஸையே எல்லோரும் படிக்கும்படி திறந்த மூலமாக எழுதணும் என்று அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் 1999-ல் லினக்ஸ்பயாஸ் என்று ஒரு வேலை தொடங்கினாங்க. 2008-ல் அதுக்குக் கோர்பூட் என்று பேர் மாத்தினாங்க. அந்தக் குடும்பத்திலிருந்து வந்ததுதான் இந்த ஃபிளாஷ்ரோம். நம்ம லேபில் ஏற்கெனவே லினக்ஸ் ஓடுற மெஷின் இருக்கு. ஆக, வாங்க வேண்டியது அந்தத் தீப்பெட்டிச் சாமானும் கிளிப்பும் மட்டும்தான்.

இனி எதிர்க்கட்சிக்கும் பதில் சொல்லணும். என் வகுப்பு நண்பன் ஒருத்தன், "இந்தப் பழைய போர்டு எழுந்து என்ன கிழிக்கப்போகுது?" என்று கேட்டான். நம்ம பாடத்தில் இருப்பது டைப் பண்றது, சி பிளஸ் பிளஸ், பைத்தான், கொஞ்சம் டேட்டாபேஸ். இதுக்கு என்ன ராக்கெட்டா வேணும்? ஓடிக்கிட்டிருந்த மெஷின்தானே, ஓடினதை ஓட்டட்டும். அடுத்து, "பசங்க கை வெச்சா இன்னும் கெட்டுடும்" என்று ஒரு பயம். நியாயமான பயம்தான், மறைக்கலை. அந்த மலிவான புரோகிராமரில் கறுப்பு நிறத்தில் வர்ற வகை, 3.3 வோல்ட் சிப்புக்கு டேட்டா கால்களில் 5 வோல்ட்டைத் தள்ளுறதாகப் பேர் வாங்கினது. சில சிப்பு 1.8 வோல்ட்தான் தாங்கும், அதுக்குத் தனி அடாப்டர் வேணும். சிப்பு மேலே உள்ள நம்பரைப் படிச்சு, அதன் விவரத்தாளைப் பார்க்காமல் கிளிப்பை மாட்டவே கூடாது. பவர் சப்ளை பெட்டியைத் திறக்கவே கூடாது. வாரன்டி உள்ள மெஷின் பக்கமே போகக் கூடாது. நான் கேட்கிறது எல்லாமே ஆசிரியர் முன்னிலையில். ஏற்கெனவே 'உபயோகமற்றது' என்று எழுதியாச்சு என்றால் அதைவிடக் கெட்டு எங்கே போகப்போகுது?

எல்லாமே எழுந்துடும் என்று பொய் சொல்லமாட்டேன். சித்தப்பா கடையிலேயே சிப்பை எழுதியும் எழாத போர்டுகள் மூலையில் கிடக்கு. சீட்டில் எழுதியிருக்கிற மின்தடையில் சிப்போடு சேர்ந்து வேற ஏதாவது அடிபட்டிருந்தால் நம்ம கையில் இல்லை. அப்போது எடைக்குப் போடலாம், அதையும் பழைய இரும்போடு போடக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், மறுசுழற்சி செய்பவர்களோடு பழுது பார்த்துப் புதுப்பிப்பவர்களையும் தனியாகக் கணக்கில் எடுத்துப் பதிவு செய்யச் சொல்லுது. பழுது பார்ப்பதும் ஒரு முறையான வேலை என்று சட்டமே ஒத்துக்கிட்ட பிறகு, பள்ளிக்கூடத்தில் பழுது பார்க்கிறதை விளையாட்டுன்னு சொல்லலாமா?

தலைமை ஆசிரியர் அவர்களுக்கும் கம்ப்யூட்டர் மிஸ்ஸுக்கும் என் கோரிக்கை இதுதான். அந்த ரெண்டு பெட்டியையும் ஏலப் பட்டியலிலிருந்து ஒரு மாதத்துக்கு நிறுத்தி வையுங்கள். ரெண்டு சனிக்கிழமை மதியம் லேபைத் திறந்து கொடுங்கள். புரோகிராமரையும் கிளிப்பையும் சித்தப்பா இரவல் தர ஒத்துக்கிட்டார், ஒரு சனிக்கிழமை தானே வந்து நிற்கிறேன் என்றும் சொல்லியிருக்கார். முதல் பெட்டியின் போர்டில் மாடல் எண்ணைத் தூசி துடைச்சுப் படிச்சு வெச்சிருக்கேன், அதுக்கான பயாஸ் கோப்பு கம்பெனி தளத்தில் இன்னும் இருக்கு. ரெண்டாவது பெட்டியில்தான் சிக்கல். சீட்டில் 'போர்டு பழுது' என்பதோடு சரி, எப்படிப் பழுதாச்சுன்னு எழுதலை. அந்த மெஷின் கடைசியாக ஓடின அன்றைக்கு லேபில் இருந்தவங்க யாராவது இதைப் படிச்சா, திரையில் கடைசியாக என்ன தெரிஞ்சதுன்னு ஞாபகம் இருக்கிற வரைக்கும் சொல்லுங்க. பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு, மூணாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம்.